தண்ணீர் இறங்காத குழி

அம்மாவுக்குக் கர்ப்பப்பையை அகற்றிய ஒன்பதாம் நாள் தையல் பிரித்தார்கள். அன்று மருத்துவர், "இனிமே கனமா எதையும் தூக்கக் கூடாதும்மா. முக்கியமா தண்ணிக் கொடம்" என்றார். அம்மா சிரித்தாள். "அப்ப தண்ணி தானா நடந்து வருமாங்க டாக்டர்?" என்று கேட்டாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

விருத்தாசலத்தில் பீங்கான் ஆலைகளுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் ஒரு மணி நேரம் குடிநீர் வரும். வரும் என்று சொல்வதுகூட மிகை. வீட்டுக்குள் இருக்கும் குழாய் வரை ஏறுகிற அழுத்தம் அதற்குக் கிடையாது. ஆகவே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு பள்ளம் தோண்டி, மண்ணுக்குள் போகிற குழாயை அங்கேயே வெட்டித் திருகு வைத்திருப்பார்கள். பெண்கள் அந்தப் பள்ளத்தில் இறங்கி, குந்தி உட்கார்ந்து நிரப்பி, குடத்தை மேலே ஏற்றி வைத்து, தாங்களும் ஏறி, இடுப்பில் தூக்கிக்கொண்டு கொல்லை வரை நடப்பார்கள். ஒரு முறைக்குப் பதினைந்து குடம். அம்மா அதை முப்பது ஆண்டுகள் செய்தாள். அவளுடைய கர்ப்பப்பை கீழிறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று மருத்துவர் சொன்னார்.

ஆண்கள் அந்தப் பள்ளத்தில் இறங்குவதில்லை. இறங்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இறங்கிய ஒருவரை யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். சிறுவயதில் நான் ஒருமுறை குடத்தைத் தொட்டபோது அம்மாவே, "நீ போடா, பாக்கறவங்க என்னத்தான் பேசுவாங்க" என்று விரட்டினாள். நானும் நிம்மதியாகப் போய்விட்டேன். இயற்பியலில் முதுகலை படித்தேன். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து, வார இறுதிகளில் மட்டும் வீட்டுக்கு வந்துபோனேன்.

வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு ஆணையிட்ட ஆண்டு அது. அந்த ஆணையை நான் முழுமனத்தோடு வரவேற்றேன். இன்றும் அதன் நோக்கத்தில் குறை காண மாட்டேன். அம்மாவின் தையலும் அந்த ஆணையும் ஒரே கோடையில் வந்ததால், இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி காண முடியும் என்று நம்பினேன். கொல்லையில், வீடு கட்டியபோது தோண்டிய பழைய நிலத்தடித் தொட்டி ஒன்று பயனற்றுக் கிடந்தது. நாங்கள் அதைச் சம்ப்பு என்போம். மாடியின் மழை முழுவதையும் ஒரே குழாயில் இறக்கி, மணலும் கரியும் நிரப்பிய பீப்பாயில் வடிகட்டி, அந்தச் சம்ப்பில் சேர்ப்பது. அங்கிருந்து ஒரு சிறு பம்பு தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றுவது. மாடித் தொட்டியிலிருந்து அது சமையல்கட்டுக் குழாய்க்குத் தானாக இறங்குவது. திட்டம் இவ்வளவே.

மின்சார மோட்டாரை நம்புவதற்கில்லை. பகலில் ஆலைகள் ஓடும்போது எங்கள் தெருவில் விளக்கு மஞ்சளாகத்தான் எரியும். மோட்டார் உறுமுமே தவிரச் சுற்றாது. ஆகவே புதுச்சேரியில் ஒரு சோலார் தகடு வாங்கினேன். மங்கலம்பேட்டை நண்பரின் அண்ணன், வளைகுடாவில் படகுகளில் வைக்கிற பன்னிரண்டு வோல்ட் பம்பு ஒன்றை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். தகட்டை மாடியில் ஏற்றிய அன்று எதிர்வீட்டு அக்கா தெருவில் நின்றே கேட்டார்.

"ஏம்பா, மழ பேஞ்சா வெயிலு இல்ல, வெயிலு அடிச்சா மழ இல்ல. ரெண்டையும் எப்புடிப்பா ஒண்ணா கட்டி வெச்ச?"

"மழ சம்ப்புல காத்திருக்குங்க அக்கா. வெயிலு வந்ததும் மேல ஏறும்."

"காத்திருக்குதா? எங்க வூட்டுக்காரரு மாதிரி இல்ல, நல்ல மழதான்" என்றார் அவர்.

முதல் கோடை மழையில் சம்ப்பில் வந்து விழுந்தது பால். ஆலைகளின் வெண்களிமண் தூசு எங்கள் மாடிகளில் ஆண்டு முழுவதும் படிகிறது. அதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. படித்தவனின் முதல் தவறு. தொட்டியைக் கழுவி, மழையின் முதல் கால் மணி நேரத்துத் தண்ணீரை வெளியே விடுவதற்கு ஒரு வால்வு வைத்தேன். அப்பா பீங்கான் ஆலை ஒன்றில் சூளைப் பொறுப்பாளர். வடிகட்டிக்குப் போடச் சொல்லி உடைந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒரு மூட்டை கொண்டுவந்தார். பளபளப்புப் பூச்சு ஏறிய பீங்கான் எதையும் பிடித்து வைக்காது என்று நான் சொன்னபோது அவர் முகம் வாடியது. அவருக்கு, எங்கள் ஊரில் எல்லோருக்கும்போல, பீங்கான் என்றால் சுத்தம். மூட்டை கொல்லை மூலையில் கிடந்தது.

அதுவரை எங்களுக்கும் சேர்த்து எதிர்வீட்டு அக்காதான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். ஆவணியில் மாலை மழைகள் வந்தன. மறுநாள் வெயில் ஏறியதும் பம்பு முனகத் தொடங்கியது. மாடித் தொட்டி நிறைந்தது. அம்மா சமையல்கட்டுக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "என்னாடா இது, நின்னுகிட்டே தண்ணி புடிக்கறேன்" என்றாள். அவள் அறிந்த தண்ணீர் எல்லாம் குந்தி உட்கார்ந்து பிடித்த தண்ணீர்.

புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை, மாடி மழையை மண்ணில் இறக்கும் குழிகளைக் கணக்கெடுக்க நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். கையில் படிவக் கட்டு.

"குழி எங்க சார்?"

"குழி இல்லைங்க. சம்ப்புல சேக்கறோம். வாங்க, சமையல்கட்டுல கொழாயத் தெறந்து காட்டறேன்."

"கொழாயெல்லாம் ஃபாரத்துல இல்ல சார். குழி இருக்குதா, இல்லையா?"

"நிலத்துக்குள்ள எறக்கறதுக்குப் பதிலா நாங்க புடிச்சிப் பயன்படுத்தறோம். இதுவும் சேகரிப்புதானே?"

"இருக்கலாம் சார். எனக்குக் குடுத்திருக்கறது ரெண்டே கட்டம். 'உள்ளது', 'இல்லை'."

அம்மா அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்குதும்மா. எந்த எடத்துத் தண்ணி?" என்று கேட்டார். "மேல இருந்து வந்ததுதாங்க" என்றாள் அம்மா. அவர் தலையாட்டிக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். பதினைந்து நாட்களுக்குள் குழி வேண்டும், படம் எடுக்க ஆள் வரும், குழி இல்லையென்றால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்று சொன்னார். போகும்போது ஒரு கொத்தனாரின் பெயரையும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் 'உள்ளது' என்று குறித்த வீடுகளை அன்று மாலை நான் நடந்து பார்த்தேன். ஒரு வீட்டில் குழாய் பாதிச் சுவரில் தொடங்கியது. அதற்கு மேல் மாடிவரை வெறும் சுவர். இன்னொரு வீட்டில் குழாயின் வாய் ஒரு பூந்தொட்டியில் முடிந்தது. வானத்துத் துளி ஒன்றுகூட அவற்றின் வழியாக எங்கும் போக முடியாது. எல்லாம் 'உள்ளது'. எங்கள் வீட்டில் மட்டும், குடித்துப் பார்த்த தண்ணீர் 'இல்லை'. நான் கோபத்தோடு பேருந்து ஏறினேன். கோபப்படுவதையே ஒரு செயலாக நினைத்தது என் இரண்டாவது தவறு. தேர்வுப் பணி என்று அதன்பின் மூன்று வாரம் ஊருக்கு வரவில்லை.

அப்பா சட்டத்துக்கு அஞ்சியவர். வீட்டு வரி ரசீதுகளை ஆண்டுவாரியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பார். பதினைந்து நாட்களில் பத்து நாட்கள் கழிந்ததும் அவர் அந்தக் கொத்தனாரை அழைத்துவந்தார். மாடியிலிருந்து இறங்குவது ஒரே குழாய். கொத்தனார் அதை மார்பளவு உயரத்தில் அறுத்து, சம்ப்புக்குப் போகிற பகுதிக்கு மூடி போட்டு அடைத்து, மேல்பகுதியைத் தன் குழிக்குத் திருப்பினார். படம் எடுக்க ஆள் வந்துபோனதும் பழையபடி மாற்றிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. குழி உள்ளதாகப் படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். படம் எடுக்க யாரும் வரவில்லை. படம் எடுக்குமுன் குழாயில் கைவைக்க அப்பாவுக்குத் துணிவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

மழையின் இரண்டாம் நாள் நான் தொலைபேசிக் கடையிலிருந்து பேசினேன். "நல்ல மழ" என்றாள் அம்மா. சம்ப்பு எப்படி என்று கேட்டேன். "எல்லாம் இருக்குது. நீ வேலயப் பாரு" என்றாள். மூன்று நாள் மழை எங்கள் மாடியில் விழுந்து, குழிக்குள் போய், குழியிலிருந்து வழிந்து தெருச் சாக்கடையில் ஓடியது. பின்பு வெயில் வந்தது. தகடு வெயிலை ஒழுங்காக வாங்கிக்கொள்ள, பம்பு வெறும் காற்றை இழுத்தது. அம்மா அதை நிறுத்திவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு வாசல் பள்ளத்தில் இறங்கினாள்.

நான் வந்த சனிக்கிழமை அவள் கட்டிலில் கிடந்தாள். முந்தைய நாளிலிருந்து இரத்தப் போக்கு. அப்பா ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். மருத்துவமனையில் அதே மருத்துவர், "யாரு உங்களத் தூக்கச் சொன்னது?" என்று அதட்டினார்.

"யாரும் சொல்லலைங்க" என்றாள் அம்மா.

அது முழு உண்மை. யாரும் சொல்லியிருக்கவில்லை, சொல்லத் தேவையும் இருந்ததில்லை. உள்காயம் சற்றுப் பிரிந்திருப்பதாகவும், ஒரு மாதம் அசையாமல் இருந்தால் தானே ஆறும் என்றும், இன்னொரு முறை குடம் தூக்கினால் மறுபடி அறுக்க வேண்டிவரும் என்றும் மருத்துவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து குழியைப் பார்த்தேன். மழை ஓய்ந்து நாட்களாகியும் அது தளும்ப நின்றது. கொசுப் புழுக்கள் நெளிந்தன. மண்ணில் இறங்க வேண்டிய தண்ணீர் ஏன் இறங்கவில்லை என்று குச்சியை விட்டுப் பார்த்தேன். அடியில் அப்பாவின் ஃபியூஸ் கட்டைகள். அவற்றுக்கும் கீழே வழவழவென்று சிமெண்டுத் தளம். கொத்தனாரைத் தேடிப்போய்க் கேட்டேன்.

"தொட்டின்னா ஒழுகக் கூடாது சார்" என்றார் அவர். "முப்பது வருசமா கம்பெனிங்களுக்குக் களிமண் ஊறப்போடற தொட்டி கட்டறவன் நானு. ஒரு சொட்டு கீழ எறங்குதான்னு பாருங்க."

"எறங்கறதுக்குத்தாங்க அந்தக் குழி. மழத்தண்ணி மண்ணுக்குள்ள போவணும்."

"அப்ப வெறும் பள்ளம் போதுமே. எதுக்கு என்னக் கூப்பிட்டீங்க?"

அவர் கேலி செய்யவில்லை. ஆலைகளில் களிமண்ணோடு தரை மண் கலக்காமலும் தண்ணீர் கசியாமலும் தொட்டி கட்டுவதுதான் அவர் அறிந்த நேர்மை. தெருத்தெருவாக அதே நேர்மையோடு ஒழுகாத குழிகளைக் கட்டியிருக்கிறார். என் கோபத்தை அவர்மேல் இறக்க முடியவில்லை. அந்தக் குழி எதற்கு என்று அவருக்கு ஒரு வரி சொல்லிக்கொடுக்க, இவ்வளவு படிவம் அச்சடித்தவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. பார்க்க வந்தவர்களில் ஒருவரும் குச்சியை விட்டுப் பார்க்கவில்லை. அதை நான் யார்மேல் இறக்குவது?

அப்பாவிடம் கத்தினேன். அவர், "கனெக்ஷன புடுங்கிடுவேன்னு சொன்னான்டா. நான் என்ன செய்ய?" என்றார். "தண்ணி இல்லன்னதும் நீங்க ஒரு கொடம் தூக்கியிருக்கலாமே" என்றேன். அவர், "நீ தூக்கினியா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை தண்ணீர் வரும் முறை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன்.

"என்னா சார், காலேஜுல இதுக்கும் பாடம் இருக்குதா?" என்றார் பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஒரு பெண்.

"அம்மாவுக்கு முடியலன்னா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. "ஆம்பள எறங்கற எடமாப்பா இது?"

குந்தி உட்கார்ந்தபோது முழங்கால் இடித்தது. நிறைந்த குடத்தை நெஞ்சளவுக்கு ஏற்றும்போது அடிவயிறு இறுகியதை உணர்ந்தேன். எந்த இடம் இறுகுகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆறாவது குடத்தைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினேன். பம்பு எத்தனை அடி உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டவன், இந்த ஏற்றத்தை ஒருநாளும் கணக்கிட்டதில்லை. ஒரு குடத்தைத் தூக்குவதைவிடச் சூரியனை வேலைக்கு அமர்த்துவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அன்று பதினைந்து குடத்தையும் நான்தான் தூக்கினேன். அதில் பெருமைப்பட ஏதுமில்லை. முப்பது ஆண்டுகளில் ஒரு நாள்.

அன்று பகலிலேயே கொத்தனார் குழாயைத் திருப்பப் பொருத்தியிருந்த எல்போ வளைவை அறுத்தெடுத்து, குழாயைச் சம்ப்போடு இணைத்தேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி எடுத்துப் போனேன்: குழிகள் தண்ணீரை இறக்கவில்லை, குழாய்கள் மாடியைத் தொடவில்லை, தண்ணீரைச் சேமிக்கும் வீட்டில் சேமிப்பு இல்லை என்று பதிவாகிறது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகப் படித்தார். எங்கள் வீட்டுப் படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"உங்க வூட்டுல குழி உள்ளதுன்னு உங்கப்பாவே கையெழுத்துப் போட்டிருக்காரு. வசதி உள்ள வூட்டுக்காரரு வசதி இல்லன்னு மனு குடுத்தா, நான் எந்த ஃபைல்ல சேக்கறது?"

மனு என் கைக்கே திரும்பி வந்தது. இரண்டு நாட்களில் கணக்கெடுப்பவர் வந்தார், கையில் கேமராவோடு.

"பைப்பு எங்க சார்? குழி மட்டும் இருக்குது?"

நான் சொன்னேன். எங்கள் மாடியின் மழை எங்கே போகிறது, குழியின் அடியில் என்ன இருக்கிறது, என் அம்மா ஏன் கட்டிலில் கிடக்கிறாள் என்று வரிசையாகச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதரல்ல, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சார், நான் சொல்லறதக் கேளுங்க" என்றார் கடைசியில். "உங்க பைப்பு அப்படியே இருக்கட்டும். தனியா ஒரு துண்டு பைப்பக் குழிக்கு மேல செவுத்துல ஒட்டிடுங்க. மாடியத் தொடணும்னு இல்ல. போட்டோவுல பாதிச் செவுருதான் வுழும்."

"அது பொய்யிங்க."

"ஆமா சார்" என்றார் அவர். "நாளைக்கு மத்தியானம் வரேன். நாளையோட லிஸ்ட்ட அனுப்பிடணும். இல்லன்னா உங்க வூட்ட கட் பண்ற லிஸ்ட்டுல எழுதணும்."

அன்று மாலை நான் ஒரு தாளில் மாதங்களை எழுதினேன். சம்ப்பு நிறைந்தால் மாசி வரை தாங்கும். இணைப்பு போய்விட்டால் பங்குனியிலிருந்து ஆடி வரை, தெருக்கோடி அடிபம்பிலிருந்துதான் எல்லாத் தண்ணீரும் வர வேண்டும். நான் வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில். தண்ணீர் வற்றிய முதல் நாள் அம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் குடத்தை எடுப்பாள். என் நேர்மைக்கு விலை அவளுடைய அடிவயிறு. அந்த விலையைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கட்டிலிலிருந்து அம்மா பேசினாள்.

"ஒட்டிடுடா. வெளிய எது ஒட்டியிருந்தா எனக்கென்னா? உள்ள தண்ணி வரணும்."

"ஒட்டறேம்மா." அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். "ஆனா சம்ப்பு காஞ்சா வாசப் பள்ளத்துல நீங்கதான் எறங்கணும்ப்பா. நான் இருக்கற நாளு நான் எறங்கறேன். அம்மா எறங்கக் கூடாது."

அப்பா வாசல் பக்கம் பார்த்தார். தெரு முழுவதும் அங்கே நின்று சிரிப்பதைப் பார்ப்பதுபோல் நீண்ட நேரம் பார்த்தார். "சரி" என்றார்.

மறுநாள் காலை நான் நாலரை அடிக் குழாயைக் கிளாம்ப்பு அடித்துச் சுவரில் பொருத்தினேன். மேல் நுனி வெறும் சுவரில் முடிந்தது. கீழ் நுனி ஒழுகாத குழியைப் பார்த்துத் திறந்திருந்தது. செங்குத்தாக இருக்க வேண்டும் என்று தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தேன். வேலையைச் சுத்தமாகச் செய்கிற பழக்கம் போகவில்லை. சொன்ன நேரத்துக்கு அவர் வந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், நெழலு வுழுது" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். ஆண்டுக்கொருமுறை பார்க்க வருவோம், கழற்றிவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் நல்ல மழை. சம்ப்பு விளிம்புவரை நிறைந்தது. பங்குனியின் முதல் வாரத்தில் அது வற்றியபோது நான் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு வந்து இறங்கியதும் அம்மாவிடம் அதைத்தான் கேட்டேன். அப்பா இறங்கியதாகச் சொன்னாள். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், இரண்டு முறையும் அவரே தூக்கினாராம். எதிர்வீட்டு அக்கா ஏதோ சொல்லியிருக்கிறார். அதற்கு அப்பா, "கொடம் கனமாத்தான் இருக்குது" என்று மட்டும் சொன்னாராம்.

மழையை உண்மையாகவே சேமித்த ஒரு வீடு, சேமிக்கிறது என்று பதிவாவதற்கு ஒரு பொய்யைச் சுவரில் மாட்டிக்கொள்ள நேர்ந்தது. அதற்காக எனக்கு எல்லோர்மேலும் ஏற்பட்ட கோபம் இன்னும் தணியவில்லை. அதில் என் பங்கையும் நான் தள்ளுபடி செய்துகொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா அந்தப் பள்ளத்தில் இறங்கவில்லை.